தொட்டிக்குள் பெருகிய நட்சத்திர மீன்கள்

நான் தேநீர் ஊற்றித் துப்புரவு வேலை செய்த தொண்டு நிறுவனக் கந்தோரை மூடியபோது என் பங்குக்கு வந்தது ஒரு கடல்மீன் தொட்டி. மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றிலும் முதல் வாரமே ஆட்கள் தங்கள் பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள். தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாலடி நீளம், உள்ளே கற்கள், கற்களில் ஒட்டி வளர்ந்த பவளப் பூக்கள், இரண்டு செம்மஞ்சள் மீன்கள். கந்தோருக்குப் பொறுப்பாக இருந்த வெளிநாட்டு அம்மா கொழும்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தவை. அவர் லீவில் போகும்போதெல்லாம் நான்தான் மீனுக்குச் சாப்பாடு போட்டு, குறைந்த தண்ணீரை ஊற்றி, பார்த்துக்கொண்டேன். கடைசி நாள் என் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "நீங்கள் கொண்டு போங்கோ" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டில் கூரையைப் பார்த்தபடி கிடக்கிற மனுசனின் நினைப்பு வந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்த அடுத்த வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னார்ப் பள்ளிமுனைக்குத் திரும்பி வந்தோம். மகள் அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளையும் பெற்று, நின்றுவிட்டாள். வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் அட்டைத் தொழிலுக்குப் போனார். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கிக் கடலட்டை பொறுக்குகிற வேலை. இரண்டாவது வருடம் ஒரு நாள், ஏற வேண்டியதைவிடக் கெதியாக ஏறிவிட்டார். போட்டில் ஏறி இருந்து பிளேன்ரீ குடித்தாராம். பிறகு கால் விறைக்குது என்றாராம். இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி போய் முள்ளந்தண்டைக் கெடுத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே இன்றுவரை ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு மேலே போட்டில் நின்று கயிறு பிடித்தவர் அவருடைய சிநேகிதர். சின்ன வயதுத் தொடக்கம் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். முகாமிலும் பக்கத்துப் பக்கத்து அறைதான். காற்று எழும்பியதைக் கண்டு, மேலே வரச் சொல்லிக் கயிற்றை இழுத்தது அவர். "அவன் இழுத்ததாலதான் நான் அப்பிடி ஏறினனான்" என்று என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார். அதன் பிறகு சிநேகிதருடன் கதைக்கவில்லை. நானும் அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தொட்டி வந்த பிறகு அப்படித் திருப்ப முடியவில்லை. கடல்மீன் தொட்டிக்கு நல்ல தெளிந்த கடல் தண்ணீர் வேண்டும். எங்கள் கரையில் கலங்கல் தண்ணீர்தான். யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, தூரக் கடலில் அள்ளிய தண்ணீரை மூன்று நான்கு பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்து எங்கள் வாசல் படலையடியில் வைத்துவிட்டு, "தங்கச்சி, தண்ணி வைச்சிருக்கிறன்" என்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளே வர மாட்டார். என் கணவர் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில், அந்தக் குரல் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

தொட்டி வந்த முதல் மாதங்கள் நல்லாக இருந்தன. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து, கந்தோரில் இருந்த அதே இரும்பு ஸ்டாண்டில் முன் அறையில் வைத்தோம். அவர் கட்டிலை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வரக் கேட்கத் தொடங்கினார். அதுவரை நான் கெஞ்சித்தான் இருத்த வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்திவிட்டால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். பவளப் பூக்கள் பச்சையும் மண்ணிறமுமாகச் சட்டைப் பொத்தான் அளவில் விரிந்திருக்கும். "கரண்ட் போனால் சொல்லு, பம்ப் நிண்டு போகும்" என்பார். கரண்ட் போனால் அவரே ஒரு கோப்பையால் அள்ளி ஊற்றச் சொல்லி என்னை நிற்க வைப்பார். அது எனக்கு ஒரு வேலைதான். ஆனாலும் அவர் வாயில் நாளைக்கு என்ற சொல் வரத் தொடங்கியதே என்று செய்தேன்.

ஒருநாள் கண்ணாடியின் மூலையில் விரலை வைத்து, "இஞ்ச வந்து பார், குட்டி நட்சத்திர மீன்" என்றார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் வெள்ளை. ஒரு கை நீளம், மற்றக் கைகள் முளைவிட்ட மாதிரிக் கட்டை. யாரோ அவசரத்தில் வெட்டிய கடதாசி நட்சத்திரம் போல ஒழுங்கில்லாமல் இருந்தது. அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம். "கல்லோட வந்திருக்கும். பாவம், கிடக்கட்டும்" என்றார்.

ஒரு மாதத்தில் அது பத்து. பிறகு எண்ண முடியவில்லை. ஒன்று நடுவாலே பிரிந்து இரண்டாகும். இரண்டு பாதியும் மிச்சக் கைகளை வளர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கை நீளமும் மற்றவை கட்டையுமாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். கல்லின் மேல் இருந்த இளஞ்சிவப்புப் படலத்தைச் சுரண்டித் தின்று வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டன. அது பரவாயில்லை என்றிருந்தோம். பிறகு பூக்களின் மேல் ஏறத் தொடங்கின. ஏறின பூ மூடிக்கொண்டது. மூடினது மூடினதுதான், ஒரு கிழமையில் கரைந்து போனது.

"இதுகளைப் பொறுக்க வேணும்" என்றார்.

பொறுக்குவது யார் என்ற கேள்வி வரவில்லை. ஸ்டாண்டில் இருந்த தொட்டியின் மேல் விளிம்பு என் நெஞ்சுக்கு வரும். நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதிதான் முகத்துக்கு நேரே. அவருக்கு எல்லாம் தெரியும், கைதான் போகாது. எனக்குக் கை போகும், எதுவும் தெரியாது. அதனால் அவர் கண்ணாடிக்கு வெளியே விரலால் தொட்டுக் காட்டுவார், நான் தோள்வரை கையை உள்ளே விட்டு இடுக்கியால் பிடிப்பேன்.

அவை இருட்டில்தான் வெளியே வரும். லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் கல்லுக்குக் கீழே போய்விடும். ஆகவே பொறுக்குவதென்றால் விடியற்காலை, லைட் போட்ட கையோடு. அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலைகள் இருந்தன. கந்தோர் மூடிய பிறகு நான் பசாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழியப் போய்க்கொண்டிருந்தேன். ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்குள் அவரைக் கழுவி, முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டி, உடுப்பு மாற்றி, தேநீர் கொடுத்து, மத்தியானத்துக்குச் சோறு மூடி வைத்து, தொட்டிக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மன்னார்க் காற்றில் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு நாளும் வற்றி உப்பு ஏறும். கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். தெரு மூலைக் குழாயில் இருந்து வாளியில் தூக்கி வர வேண்டும். அதற்கு மேல் இது.

"அங்க, கல்லுக்குக் கீழ. இல்லை, மற்றப் பக்கம்."

"எங்க?"

"உன்ர விரலுக்குப் பக்கத்தில. வலப்பக்கம். எனக்கு வலப்பக்கம் இல்லை, உனக்கு."

பிடித்தவற்றை ஒரு கோப்பை உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும். ஒருநாள், தூக்கிக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "எங்கத்தைச் சாமானோ தெரியாது, எங்கட கடலுக்குள்ள விடாத" என்றார். முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். எறும்பு வந்தது.

நான் பொறுக்கியதைவிடக் கூடுதலாக அவை பெருகின. கடையில் வேலை செய்யும்போது கண்ணை மூடினால் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது இதைச் சொன்னோம். அவள் அங்கே வளர்ந்தவள், பேச்சும் அப்படித்தான். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் எடுத்தாள்.

"அப்பா, ஒரு இறால் இருக்காம்பா. இதை மட்டும்தான் திங்குமாம். வேற எதையும் தொடாதாம். ஒரு மாசத்துல எல்லாத்தையும் காலி பண்ணிடுமாம்."

"காலி பண்ணினாப் பிறகு அது எதைத் தின்னும்?"

அவள் அதையும் பார்த்து வைத்திருந்தாள். "வேற நட்சத்திர மீன் வாங்கிப் போடணுமாம். இல்லன்னா பட்டினியில செத்துருமாம்."

"அப்ப அதுக்குச் சாப்பாடு தேடி ஓட அம்மாதான் வேணும்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பாடு அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு காலையும் விரலால் காட்டுகிறாரா என்று பிறகு கோபம் வந்தது.

அந்தக் கோபம் சில நாள் உள்ளே கிடந்து, ஒரு சனிக்கிழமை வெளியே வந்தது. அன்றைக்கு முதுகுப் புண் திரும்பவும் திறந்திருந்தது. அதைக் கட்டி முடிக்கவே நேரம் போய்விட்டது. அவர் தொட்டிக்கு முன்னால் போய் விரலைத் தூக்கினார்.

"இண்டைக்கு நான் பொறுக்கேல்ல" என்றேன்.

"ஐஞ்சு நிமிசம். பச்சைப் பூவில மூண்டு ஏறி நிக்குது."

"நிக்கட்டும். எனக்கு ஒரு உடம்புதான் இருக்கு. அதால உங்களைப் பாக்கவோ, கடையைப் பாக்கவோ, உதுகளைப் பாக்கவோ? முழுதும் தின்னட்டும். தின்று முடிச்சால் எனக்கு ஒரு வேலை குறையும்."

அவர் விரலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். வழியில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நித்திரைதான் வந்தது.

மத்தியானம் திரும்பி வந்தபோது படலையடியில் தண்ணீர்க் கான்கள் இருந்தன. பக்கத்தில் சிநேகிதர் நின்றார். வழமையாக வைத்துவிட்டுப் போகிறவர்.

"தங்கச்சி, உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டுப் பாத்தன், பதில் இல்லை. கதவும் பூட்டிக் கிடக்கு. போறதோ நிக்கிறதோ எண்டு தெரியேல்ல."

கதவைத் திறந்தேன். அவர் தரையில் கிடந்தார். நாற்காலி பக்கத்தில் சரிந்திருந்தது. கையில் இடுக்கி. ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்து, தொட்டிக்குள் கையை விடப் பார்த்திருக்கிறார். நெற்றியில் காயம், சேட்டெல்லாம் உப்புத் தண்ணீர். முழிப்பாகத்தான் இருந்தார். சிநேகிதர் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் கிடந்திருக்கிறார்.

நான் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியும். தரையிலிருந்து தூக்குவது வேறு. சிநேகிதர் வாசற்படியில் நின்றார், காலை உள்ளே வைக்கவில்லை. நான் என் கணவரின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன், உள்ள வாங்கோ" என்றேன்.

அவர் வந்து குனிந்து, ஒரு கையை முதுகுக்குக் கீழும் மற்றக் கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். மூச்சு வாங்கியது. "அண்டைக்கும் இப்பிடித்தான் தூக்கினனான்" என்றார். என் கணவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் காயத்தைத் துடைத்தேன்.

சிநேகிதர் போகாமல் தொட்டியையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியை நிமிர்த்தித் தானே அதில் இருந்தார். கையை மேலே நீட்டினார். விளிம்புக்கு எட்டியது, தண்ணீருக்கு எட்டவில்லை.

"தங்கச்சி, இதை ஏன் இவ்வளவு உயரத்தில வைச்சிருக்கிறியள்?"

கந்தோரில் நின்றுகொண்டு பார்க்கிற ஆட்களுக்காகச் செய்த ஸ்டாண்ட் அது. அப்படியே கொண்டுவந்து அப்படியே வைத்தோம். மாதக்கணக்காக அந்த உயரத்தோடு மல்லுக்கட்டி, சண்டை பிடித்து, ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சிநேகிதர் சீமெந்துக் கல்லும் ஒரு தடித்த பலகையும் கொண்டு வந்தார். தொட்டியை வெறுமையாக்காமல் இறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பழைய சேலைன் குழாயை வைத்துத் தண்ணீரை இழுத்து நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் விட்டோம். மீன்கள் ஒரு வாளியில். கற்கள் மற்ற வாளிகளில். கல்லைத் தூக்கத் தூக்கத்தான் தெரிந்தது, நாங்கள் கண்ணாடியில் கண்டது கொஞ்சம்தான். கற்களின் அடிப்பக்கம் முழுக்க நட்சத்திர மீன். பொரி கொட்டின மாதிரி இருந்தது. இத்தனை காலைகளும் இதற்குத்தானா என்று தோன்றியது.

என் கணவர் நாற்காலியில் இருந்தார். வாளியொன்றை அவருடைய முழங்காலுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தோம். ஒரு கல்லைக் கையில் எடுத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துத் தேய்த்து அவற்றை உதிர்த்தார். பூக்கள் இருந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டார். இரண்டு பேரும் அன்றைக்கும் கதைக்கவில்லை. "அதை எடு", "பிடி", அவ்வளவுதான். சிநேகிதர் தரையில் குந்தியிருந்து கல் அடுக்கி, மட்டம் பார்த்து, பலகைக்கு மேலே வைக்க மெத்தென்ற றெஜிபோம் துண்டு வெட்டினார், கண்ணாடி வெடிக்காமல் இருக்க.

மூன்றாவது கல்லோ நான்காவது கல்லோ தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், என் கணவர் சொன்னார்.

"நீ கயிறை இழுக்காட்டியும் நான் அப்பிடித்தான் ஏறியிருப்பன்."

சிநேகிதர் கையில் கல்லோடு அப்படியே இருந்தார்.

"சிலிண்டரில காத்து முடிஞ்சு போச்சுது. காத்து மீற்றரில ஊசி கீழ விழுந்ததைக் கண்டனான். ஒரு இடத்தில அட்டை கனக்கக் கிடந்தது. அதை விட்டுட்டு வர மனம் வரேல்ல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு நிண்டிட்டன். நீ இழுக்கேக்க நான் ஏற்கெனவே ஏறத் தொடங்கிட்டன்."

"தெரியும்" என்றார் சிநேகிதர்.

"என்ன தெரியும்?"

"சிலிண்டரைக் கழட்டினது நான்தானே. வெறுமையாக் கிடந்தது."

"அப்ப ஏன் ஒருதருக்கும் சொல்லேல்ல?"

"சொல்லி? உனக்குக் கால் வருமோ?" கல்லை வைத்துவிட்டு எழும்பினார். "தங்கச்சி, இந்தப் பக்கம் பிடியுங்கோ. பலகையைத் தூக்குவம்."

நான் பிடித்தேன். ஒரு சின்ன ஆறுதல் வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை. நான் கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிய ஒவ்வொரு ஞாயிறும் நினைவுக்கு வந்தது. அந்த மனுசன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் தூக்கி வந்து வெளியே வைத்துவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது. என்னையும் அந்தப் பொய்யை நம்ப வைத்துவிட்டாரே என்று கணவர் மேல் ஆத்திரம். ஆத்திரப்படவும் உடம்பில் சத்து வேண்டும். குசினிக்குள் போய்த் தேநீர் போட்டேன். இரண்டு பேருக்கும் கொண்டுவந்து கொடுத்தேன். சிநேகிதரிடம், "அண்ணன், நானும் உங்களோட சரியா நடக்கேல்ல" என்றேன். "சீனி காணாது" என்றார் அவர். போய்ச் சீனி எடுத்து வந்தேன்.

கணவருடன் நான் மூன்று நாள் வேலைக்கு வேண்டிய சொல் மட்டும்தான் கதைத்தேன். அவரும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முதுகுக்கு மருந்து கட்டும்போது, "ஆஸ்பத்திரியில உன்ர முகத்தைப் பாத்திட்டு என்னால உண்மையைச் சொல்ல ஏலாமல் போச்சுது. பிறகு சொல்ல இடம் வரேல்ல" என்றார். நான் துணியை இறுக்கிக் கட்டினேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

தொட்டி இப்போது அவருடைய மடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நாற்காலியைப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் முழங்கை வரை உள்ளே போகும். சேலைன் குழாயின் நுனியில் பேனைக் கூடு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார். மற்ற நுனி தரையில் இருக்கிற சோடாப் போத்தலுக்குள். நுனியை நட்சத்திர மீனுக்குக் கிட்டக் கொண்டுபோனால் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஒரு காலையில் முப்பது நாற்பது பிடிப்பார். அவை முடியவில்லை. முடியாது என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு தேய்த்தும் எங்கோ ஒரு கை மிஞ்சியிருக்கும், அதிலிருந்து திரும்ப வளர்ந்துவிட்டன. பூவில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார். பச்சைப் பூவில் பாதி போய்விட்டது, மண்ணிறம் தப்பிவிட்டது. சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறார். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை.

என் வேலைகள் பெரிதாகக் குறையவில்லை. புண், சோறு, குழாயடி, இடியப்பம் எல்லாம் அப்படியே. குறைந்தது காலையில் நட்சத்திர மீன் பொறுக்கிய அந்த அரை மணித்தியாலம் மட்டும். அவரைக் கழுவி நாற்காலியில் இருத்திவிட்டால், அவர் முன் அறைக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார். முதல் நாள், பழக்கத்தில் நானும் பின்னால் போகப் பார்த்தேன். பிறகு அவர் எழும்பிய கட்டிலிலேயே சரிந்து படுத்தேன். நித்திரை வரவில்லை. குழாயிலிருந்து போத்தலுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை, "பிடிபட்டுது" என்று அவர் தனக்குள் சொன்னார். நான் எழும்பிப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.